மறுமொழி: சேவை வணிகத்தின் நான்கு வழிகள் – 'அயலக நுகர்வு' வேண்டாம், 'வருவழி' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சிறு தீவு நாடுகள் பற்றிய கையேட்டுக்குக் கேட்ட சொற்களில் 'ஏற்றுமதிப் பன்முகப்படுத்தல்' முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். கரிபியன் தீவு நாடான கிரெனடா இன்னும் நாலு மூட்டை ஜாதிக்காய் கூடுதலாக விற்றால் அது விரிவாக்கம். ஜாதிக்காயோடு கல்வியையும் விற்றால் பன்முகப்படுத்தல். 'பரவலாக்கம்' ஏற்கெனவே அதிகாரப் பரவலாக்கத்துக்குப் போய்விட்டது, அதை இங்கே இழுக்க வேண்டாம். இழுபறி எல்லாம், ஒரு நாடு இன்னொரு நாட்டவருக்குச் சேவை விற்கும் முறைகளாகச் சேவை வணிகப் பொது ஒப்பந்தம் பட்டியலிடும் நான்கு வழிகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதில்தான். நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> ஒப்பந்தத்தில் உள்ளபடியே 'எல்லை தாண்டிய வழங்கல், அயலக நுகர்வு, வணிக இருப்பு, இயற்கை நபர்களின் இருப்பு' என்று வைத்துவிட்டால் சட்டப்படி பிழை வராது.

சட்டப்படி பிழை வராது, சரி. ஆனால் படிப்பவருக்குத் தலைகீழாகப் புரியும். 'அயலக நுகர்வு' என்று செய்தித்தாளில் பார்க்கும் ஒருவர், வெளிநாட்டுச் சரக்கை நாம் வாங்கிப் பயன்படுத்துவது என்றுதான் எடுத்துக்கொள்வார். 1995-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தம் (GATS) சொல்வது வேறு: வாங்குபவர் தன் நாட்டைவிட்டு விற்பவரின் நாட்டுக்குப் போய் அங்கேயே சேவையைப் பெறுவது. அந்தச் சொல் வாங்குபவரின் ஊரில் நின்று எழுதப்பட்டது. நம் கையேடோ விற்கும் ஊரின் கதை. கிரெனடாக்காரருக்கு அது எப்படி அயலகம் ஆகும்?

அந்த நாட்டையே எடுத்துக்கொள்வோம். தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கும் தீவு. இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகச் சந்தைக்கு ஜாதிக்காய் அனுப்பிக்கொண்டிருந்தது. 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி வீசியதில் பெரும்பாலான மரங்கள் சாய்ந்தன. ஜாதி மரம் நட்டுக் காய் பார்க்க ஆறேழு ஆண்டு ஆகும். ஒற்றைப் பயிரை நம்பிய தீவுக்கு ஒரே நாளில் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அதே தீவின் தென்மேற்கு முனையில், ட்ரூ ப்ளூ என்ற இடத்தில் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1976-இல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது. மாணவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர், குறிப்பாக அமெரிக்கர்கள். 1983-இல் அமெரிக்கப் படை கிரெனடாவில் இறங்கியபோது சொன்ன காரணங்களில் ஒன்று இந்த மாணவர்களின் பாதுகாப்பு. அவர்கள் கட்டும் கல்விக் கட்டணம், அறை வாடகை, கடையில் வாங்கும் காய்கறி, டாக்சிக் கூலி எல்லாம் கிரெனடாவின் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் (வெளிநாடுகளோடு நடக்கும் வரவு செலவுக் கணக்கில்) 'பயணம்' என்ற தலைப்பின் கீழ் ஏற்றுமதியாகவே ஏறும். பொதுவாக ஒரு நாட்டில் ஓராண்டுக்கு மேல் தங்குபவரை அந்நாட்டு வாசி என்று கணக்கிடுவார்கள்; மாணவருக்கும் மருத்துவம் பார்க்க வந்தவருக்கும் அதில் விலக்கு உண்டு. ஆகவே நாலு வருடம் அங்கேயே இருந்து படிப்பவர் தின்னும் வாழைப்பழமும் ஏற்றுமதிதான். எந்தக் கப்பலிலும் ஏறாத ஏற்றுமதி. இதை 'அயலக நுகர்வு' என்று எழுதி, அடியில் ஒரு பத்தி விளக்கமும் கொடுப்பதைவிட 'வருவழி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். வாங்குபவர் வருகிறார், சேவை விற்கிறது. வருவழிச் சேவை, வருவழி ஏற்றுமதி, வருவழி வருமானம் என்று எல்லாவற்றோடும் ஒட்டும்.

மற்ற மூன்றுக்கும் இதே அச்சில் என் பரிந்துரை: யாரும் நகராமல் சேவை மட்டும் எல்லை தாண்டினால் தொலைவழி, நிறுவனம் போய்க் கடை விரித்தால் கிளைவழி, ஆள் போய்ச் செய்து கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஆள்வழி. 'இயற்கை நபர்' என்பது சட்டத்தில் நிறுவனத்திலிருந்து மனிதரைப் பிரிக்க வந்த சொல். தமிழில் எந்த நிறுவனத்தையும் நாம் ஆள் என்று சொல்வதில்லை, அதனால் 'ஆள்' என்றாலே போதும்.

மாலத்தீவில் இவற்றை உரசிப் பார்க்கலாம். 1972-இல் முதல் சொகுசு விடுதி வந்த நாடு, இன்று விடுதிகளை நம்பியே நிற்கிறது. விருந்தாளி வருவது வருவழி, மாலத்தீவுக்கு ஏற்றுமதி. அங்கே விடுதி நடத்தும் இலங்கையின் ஏயிட்கன் ஸ்பென்ஸ், ஜான் கீல்ஸ் போன்ற குழுமங்கள் போனது கிளைவழி, இலங்கைப் பக்கத்திலிருந்து விற்பனை. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு வழியும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. 'வணிக இருப்பு', 'அயலக நுகர்வு' என்று எழுதினால் இந்தப் படம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கையேட்டில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும்: கிளையில் நடக்கும் விற்பனை தாய்நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் சேராது, அதற்குத் தனிப் புள்ளிவிவரம் உண்டு.

> ஆள்வழி என்றால் வெளிநாடு போய் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் அடங்குவார்களே?

நல்ல கேள்வி, இதை அசட்டையாக விடக்கூடாது. நியூசிலாந்து 2007-இல் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் டோங்கா, சமோவா, வனுவாட்டு போன்ற பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்கள் போய்ப் பழம் பறிக்கிறார்கள். இன்னொரு பசிபிக் தீவு நாடான கிரிபாஸ் (Kiribati) இளைஞர்கள் கடற்பயிற்சி பெற்று வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் வேலைக்குப் போகிறார்கள். இவர்கள் அயல்நாட்டு முதலாளியிடம் கூலிக்கு இருப்பவர்கள். கணக்கில் அது ஊழியர் ஊதியம், சேவை ஏற்றுமதி ஆகாது. ஒப்பந்தமும் வேலைவாய்ப்புச் சந்தைக்குள் நுழைவதைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. சேவையை விற்கப் போனவர் வேறு, கூலிக்குப் போனவர் வேறு. ஆகவே தனியாக நிற்கும் 'ஆள்வழி' போதாது. எப்போதும் 'ஆள்வழிச் சேவை' என்றே எழுதலாம். கூலிக்குப் போவதை 'உழைப்புப் பெயர்வு' என்று தனியே வைப்போம். டோங்கா போன்ற நாட்டில் வெளிநாட்டிலிருந்து குடும்பங்கள் அனுப்பும் பணம் நாட்டின் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் அந்நாட்டின் சேவை ஏற்றுமதி பெரிதாக இருப்பதுபோல் தோன்றிவிடும்.

தொலைவழிக்குச் சான்று கேட்டிருந்தீர்கள். கரிபியனில் உள்ள அங்குவிலா, பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட குட்டித் தீவு. அதன் இணைய முகவரி '.ஏஐ' (.ai) என்று முடியும். செயற்கை நுண்ணறிவு அலை கிளம்பியதும் உலகம் முழுக்க நிறுவனங்கள் அந்த முகவரிக்கு விழுந்தடித்து ஓடின. 2023-இல் அதிலிருந்து வந்தது சுமார் 3.2 கோடி டாலர், அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பெயர்ப் பதிவு ஒரு சேவைதான், யாரும் எங்கும் போகவில்லை. மொரீசியஸின் எபேன் நகரில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்லும் அழைப்பு மையங்களும் இதே வகை.

இந்தப் பிரிப்பு வெறும் அகராதி வேலை இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு இடத்தில் அறும். 2022 ஜனவரியில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது டோங்காவின் கடலடிக் கேபிள் அறுந்தது, அதைச் சரிசெய்ய ஐந்து வாரம்போல் ஆயிற்று. அத்தனை நாளும் தொலைவழி பெரும்பாலும் மூடிக் கிடந்தது. 2017-இல் மரியா சூறாவளி கரிபியன் தீவான டொமினிக்காவைச் சூறையாடியபின் அங்கிருந்த ராஸ் மருத்துவப் பல்கலைக்கழகம் பார்படாஸுக்கே குடிபெயர்ந்தது. டொமினிக்காவின் வருவழியில் ஒரு பெரிய துண்டு அப்படியே போய்விட்டது. ஒரு தீவுக்கு உதவ வருபவர் கேபிளுக்குப் பணம் போடுவதா, விமான நிலையத்துக்கா, பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்கும் உடன்பாட்டுக்கா என்று முடிவெடுக்கும்போது எந்த வழி என்பது முதலில் தெரிய வேண்டும். மூன்றும் வேறு வேறு செலவு.

கடைசியாக, 'வருவழி விற்பவர் பக்கம் சாய்ந்திருக்கிறதே' என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். ஆம், சாய்ந்துதான் இருக்கிறது. வழியின் பெயரை விற்பவரின் ஊரில் நின்று வைத்தால் நான்கில் எதுவும் குழம்பாது என்பதால் அப்படி வைத்தேன். வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன்: 'வருவழி: சேவை பெறுபவர் சேவை தருபவரின் நாட்டுக்கு வந்து, அங்கேயே அதைப் பெறும் வணிக முறை. எ-டு: சுற்றுலா, வெளிநாட்டு மாணவர் கல்வி, வெளிநாட்டு நோயாளிக்கு மருத்துவம்.' துறைமுகத்தில் கப்பலை மட்டும் அனுப்பிவைத்துப் பழுது பார்ப்பதும் இதில் அடங்கும். ஆனால் அங்கே பெறுபவர் நேரில் வருவதில்லை. அதற்கு வாசகத்தை எப்படி மாற்றலாம் என்று சொல்லுங்கள்.