கலைப்பொருள் வந்த வழியை ஆராய்வதற்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள தமிழ்ச் சொல்லாக்கக் குழுவினருக்கு,

வணக்கம். ஓர் ஓவிய அருங்காட்சியகத்தின் காட்சிக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் முரண்டு பிடிக்கிறது. ஆங்கிலத்தில் புரோவனன்ஸ் என்கிறார்கள். ஒரு கலைப்பொருள் கலைஞரின் கையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து காட்சிச் சுவருக்கு வந்து சேர்ந்தது வரை யார் யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது என்ற விவரம் அது. அதைத் தேடுவதற்கென்றே அங்கே ஒரு பிரிவும் அதற்கொரு தலைவரும் இருக்கிறார்கள். அந்தப் பதவிப் பெயரும் தமிழில் வர வேண்டும். மூலவரலாறு, பிறப்பிட ஆய்வு, உடைமை வரலாறு என்று மூன்றை எழுதி வைத்திருக்கிறேன். எதிலும் மனம் ஒப்பவில்லை.

— மா.

---

மா. அவர்களுக்கு,

'மூலம்' வேண்டாம். வடசொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் உற்சவர்கள். உற்சவருக்கு 'மூலவரலாறு' என்று தலைப்பிட்டால் கோயில் வழக்கு அறிந்தவர் குழம்புவார்.

உங்களுக்கு வேண்டிய சொல் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. வரலாறு என்பது வரல் + ஆறு. ஆறு என்றால் வழி. ஒன்று வந்த வழிதான் வரலாறு. பிரெஞ்சு வழியாக வந்த அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் 'வெளிப்பட்டு வருதல்' என்ற இலத்தீன் வினைதான். இரண்டு மொழியும் ஒரே வினையிலிருந்து சொல் கட்டியிருக்க, நாம் ஏன் வேறிடம் தேட வேண்டும்? 'பொருள்வரலாறு' என்று போடுங்கள், முடிந்தது.

— பு.

---

பு. ஐயாவின் பிரிப்பு சரி. ஆனால் இன்று அந்தச் சொல்லைப் பார்ப்பவர் யாரும் ஆற்றைப் பார்ப்பதில்லை. அதே காட்சிக் குறிப்பில் 'கலை வரலாறு' என்றும் வரும். 'பொருள்வரலாறு' என்றால் வண்ணம், கித்தான், செம்பு பற்றிய வரலாறு என்று என் மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 'பூர்வீகம்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியுமே? தனித்தமிழ் இல்லைதான். படிப்பவருக்குப் புரிவது முக்கியம் இல்லையா?

— தே. (ஆசிரியை)

---

அம்மா, பூர்வீகம் என்பது புறப்பட்ட இடம். இவர் கேட்பது புறப்பட்டதிலிருந்து வந்து சேர்ந்தது வரை. புரிகிற சொல் தவறான பொருளைப் புரியவைத்தால் புரியாத சொல்லே மேல்.

— பு.

---

அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பணியை ஓர் அருங்காட்சியகத்தில் தலைமையேற்று நடத்தி வருகிறேன். அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிறப்பிடத்தை விட்டுவிடுங்கள். ஒரு பொருள் மண்ணில் எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பது தொல்லியலாரின் கேள்வி. அதற்கு ஆங்கிலத்திலேயே ஏறக்குறைய அதே ஒலியுடைய வேறு சொல் உண்டு. என் கேள்வி கைகளைப் பற்றியது.

நாங்கள் ஓவியத்தின் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்க்கிறோம். கித்தானை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டத்தில் ஏலக்கடையின் எண் இருக்கும். வணிகரின் ஒட்டுச்சீட்டு, சுங்க முத்திரை, பழைய கண்காட்சியின் பெயர் இருக்கும். யாரோ சுரண்டி எடுத்த தடமும் இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பழைய ஏலப் பட்டியல்கள், வணிகர்களின் இருப்புப் பேரேடுகள், உயில்கள், கடிதங்கள் என்று போக வேண்டும். ஐரோப்பிய ஓவியம் என்றால் 1933 முதல் 1945 வரையிலான ஆண்டுகளைத் தனியாகக் குறித்துக்கொள்வோம். நாஜிகள் பறித்த கலைப்பொருள்களை அடையாளம் காண 1998 டிசம்பரில் 44 நாடுகள் வாஷிங்டனில் நெறிகளை ஏற்ற பிறகு, அந்த ஆண்டுகளைப் பார்க்காமல் கடந்துபோக எந்த அருங்காட்சியகத்துக்கும் முகமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஆஸ்திரிய ஓவியர் ஈகோன் ஷீலே வரைந்த, வாலி என்ற பெண்ணின் உருவப்படம் 1939இல் வியன்னாவில் லீயா போண்டி என்ற யூதக் கலை வணிகரிடமிருந்து பறிக்கப்பட்டது. போருக்குப் பின் அது வேறொருவர் சேகரிப்பைச் சேர்ந்தது என்று தவறாகக் கருதப்பட்டு ஆஸ்திரிய அரசுக் காட்சியகத்துக்குப் போய், 1954இல் தனியார் சேகரிப்பாளர் ஒருவர் கைக்கு மாறியது. 1998இல் நியூயார்க்கில் அது காட்சிக்கு வந்த சமயத்தில் தடுத்து வைக்கப்பட்டது. 2010இல் போண்டியின் வாரிசுகளுக்கு 1.9 கோடி டாலர் கொடுத்த பிறகுதான் வழக்கு ஓய்ந்தது. அத்தனை ஆண்டுச் சிக்கலும் கைமாறிய சங்கிலியின் இடையில் தவறாக எழுதப்பட்ட ஒரு கண்ணியால் வந்தது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் அது 'தொடர்ச்சி உண்டு' என்று உறுதி சொல்லிவிடக் கூடாது. எங்கள் கோப்புகளில் பாதி இடைவெளிதான். அந்த இடைவெளியை மறைக்காமல் காட்டுவதே என் வேலை.

— க.

---

வழக்குரைஞன் என்ற முறையில் 'உடைமை வரலாறு' பற்றி மட்டும்.

உடைமை வேறு, சுவாதீனம் வேறு. திருடியவனிடம் பொருள் இருக்கும், உடைமை இருக்காது. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை எண்ணிப் பாருங்கள். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதை விற்ற கலை வணிகர் சுபாஷ் கபூர் கொடுத்த காகிதங்கள், அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லின. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் எடுத்த படத்திலோ அது கோயிலிலேயே நிற்கிறது. அந்த ஒரு படத்தின் முன் காகிதங்கள் அத்தனையும் பொய்த்தன. 2014இல் சிலை திரும்பியது. அந்தப் போலிக் காகிதங்களில் வரும் பெயர்களை 'உடைமை வரலாறு' என்ற தலைப்பின் கீழ் அச்சிட்டால், கொள்ளைக்கு நாமே பட்டா எழுதிக் கொடுத்ததாகும்.

பத்திர எழுத்தர்களிடம் 'பூர்வோத்தரம்' என்றொரு சொல் இருந்தது. முன்னும் பின்னுமாக முழு விவரம் என்று பொருள். ஒலி பழையது, கருத்து மிகச் சரியானது. பரிசீலிக்கலாம்.

— வ.

---

பூர்வோத்தரத்தைப் பரிசீலிக்க முடியாது. இந்தக் குழு எதற்காக இருக்கிறது என்பதையே மறந்துவிட்டோமா?

உடைமை பற்றி வ. சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் கையையே சொல்லில் வைப்போம். 'கைவழி'. கை வழியாக வந்தது. கால்வழி, கொடிவழி என்று மரபுக்கு இருப்பதுபோல் பொருளுக்குக் கைவழி. குறுகிய சொல், தமிழ்ச் சொல். கைவழி ஆய்வு, கைவழி ஆய்வுத் தலைவர்.

— பு.

---

ஐயா, மன்னிக்க வேண்டும். கைவழி சங்கத்தில் வேறு பொருளில் இருக்கிறது. புறநானூறு 149இல் வன்பரணர் நள்ளியைப் பாடுகிறார்: 'கைவழி மருங்கிற் செவ்வழி பண்ணி'. அங்கே கைவழி என்றால் யாழ். எப்போதும் கையிலேயே இருப்பதால் அந்தப் பெயர் என்பது உரை. கையை விட்டு நீங்காத ஒன்றின் பெயரைக் கை மாறிக்கொண்டே போனதற்கு வைப்பதா?

'கைமாறு' பக்கமும் போக வேண்டாம். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்ற குறள் நினைவுக்கு வந்துவிடும். 'கைமாற்று' என்றாலோ வட்டியில்லாக் கடன்.

— செ.

---

யாழுக்குக் கைவழி என்ற பெயர் இன்று யார் நாவில் இருக்கிறது? ஒரு பாட்டில் வந்த ஆகுபெயருக்காக நல்ல சொல்லைக் கைவிடச் சொல்வது நியாயமில்லை. வரலாற்றில் யாரும் ஆற்றைப் பார்ப்பதில்லை என்று சொன்னது இதே குழுதானே? அங்கே வழக்கு முன்னே நிற்குமானால் இங்கேயும் நிற்கட்டும்.

— பு.

---

கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த ஆய்வு நம் இலக்கியத்துக்குப் புதிதே இல்லை. பாண்டியன் அவையில் நடந்தது வேறென்ன? 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான் அரசன். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக இருந்த வழக்கு, பொருளை உடைத்து உள்ளே பார்த்ததும் முடிந்துவிட்டது. க. அம்மா ஓவியத்தைத் திருப்பி முதுகைப் பார்க்கிறார், கண்ணகி சிலம்பின் உள்ளே பார்க்கச் செய்தாள். வகுப்பில் இதைச் சொல்லித்தான் தொடங்கப்போகிறேன்.

சொல்லைப் பற்றி: மா. தலைப்பிலேயே 'வந்த வழி' என்று எழுதிவிட்டார். அதையே சேர்த்து 'வந்தவழி' என்று வைத்தால் என்ன?

— தே.

---

'வருவழி' என்று வினைத்தொகையாக்கினால் இன்னும் கச்சிதம்.

— செ.

---

கூடாது. காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை. எந்த ஆண்டு, யார் கையில் என்று காலத்தைத் துருவுகிற ஆய்வுக்கு, காலத்தை மறைக்கிற தொகையா? வந்தவழி என்பதே இலக்கணத்துக்கும் பொருளுக்கும் ஒக்கும். ஆயினும் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. வழி என்பது இடப்பொருளும் தரும், ஏழாம் வேற்றுமை உருபுகளுள் நன்னூலார் அதையும் எண்ணுகிறார். 'வந்த இடம்' என்று படித்தால், க. விலக்கிய பிறப்பிடம் பின்வாசலால் நுழைந்துவிடும்.

— பு.

---

பு. ஐயா, அந்த ஐயத்தோடு என்னால் வேலை செய்ய முடியும். வழியில் பள்ளம் இருக்கலாம், வழி அறுபட்டிருக்கலாம், தவறான வழியாகவும் இருக்கலாம். 'அறுந்த வந்தவழி' என்று எழுதினால் தமிழ் உறுத்தாது. 'அறுந்த உடைமை' என்று எழுத முடியாது.

இதைவிட எனக்கு முக்கியமான ஒன்றை இங்கே கேட்க வேண்டும். எங்கள் பதிவுகளில் நிறுத்தக்குறிக்குப் பொருள் உண்டு. அமெரிக்க அருங்காட்சியகங்கள் பல பின்பற்றும் முறையில், இரண்டு பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளி வந்தால் பொருள் நேராக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிற்று என்று பொருள். முற்றுப்புள்ளி வந்தால் நடுவே என்ன நடந்தது என்று தெரியவில்லை அல்லது நேரடியாக மாறியதற்குச் சான்றில்லை. மா. அனுப்பிய மாதிரிப் பக்கத்தில், 'அவர் 1932இல் விற்க, இவர் வாங்கி, 1951இல் மகனுக்குக் கொடுத்தார்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே இருந்தது முற்றுப்புள்ளி. தமிழ் வாக்கியம் அழகாக ஓடுகிறது, ஆனால் அந்த 'விற்க' என்ற ஓர் எச்சம் பத்தொன்பது ஆண்டு ஐயத்தை அழித்துவிட்டது. இதைக் கண்டதும் எனக்குப் பதற்றமாகிவிட்டது.

— க.

---

மிகச் சரி. எச்சம் முடிக்கும் வினையைத் தேடி ஓடும். 'செய்து' எச்சம் தன் வினைமுதலின் வினையைத்தான் கொள்ளும், 'செய' எச்சம் பிறர் வினையையும் கொள்ளும். எதுவானாலும் இரண்டு நிகழ்ச்சிகளை முடிச்சுப் போட்டுவிடும். சான்று இருக்கும் இடத்தில் எச்சம், இல்லாத இடத்தில் வினைமுற்று என்று விதி வகுத்துக்கொள்ளுங்கள். 'அவர் 1932இல் விற்றார். 1951இல் இவரிடம் இருந்தது.' அரைப்புள்ளியைத் தமிழில் யாரும் கவனித்துப் படிப்பதில்லை. முற்றும் எச்சமும் அந்த வேலையைச் செய்யும்.

— செ.

---

அனைவருக்கும் நன்றி. செ. சொன்ன விதிப்படி எல்லாப் பதிவுகளையும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எச்சங்களை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது, க. அம்மாவும் உடன் பார்க்கிறார்.

சொல் பற்றி: தே., செ., க. மூவரும் 'வந்தவழி' பக்கம். வ. அதை ஏற்காவிட்டாலும் எதிர்க்கவில்லை. இனியும் காத்திருக்க இயலாததால் 'வந்தவழி ஆய்வு', 'வந்தவழி ஆய்வுத் தலைவர்' என்றே அனுப்புகிறேன். ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் 'வந்தவழி:' என்று மட்டும் இருக்கும்.

— மா.

---

ஏற்காததற்குக் காரணத்தைப் பதிவு செய்கிறேன். வழி என்பதில் ஆள் இல்லை. நீதிமன்றத்தில் நான் கேட்பது 'எவர் கையில், எந்த உரிமையில்' என்று. சொல் அதைக் கேட்காவிட்டால், பதிவு எழுதுபவரும் கேட்காமல் ஊர்ப்பெயர்களை மட்டும் எழுதிவிட்டுப் போவார். ஒவ்வொரு கண்ணியிலும் ஆள் பெயர், மாறிய முறை (விற்பனையா, கொடையா, பறிப்பா) இரண்டையும் கட்டாயமாக்கினால் எனக்கு மறுப்பில்லை.

— வ.

---

அச்சுக்குப் போவதைத் தடுக்க மாட்டேன். கைவழியே சரியான சொல் என்பதில் எனக்கு மாற்றமில்லை. வ. கேட்கும் ஆளும் அதில் இருக்கிறார், கை என்றாலே ஆள்தான். அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன். அதற்குள் புறநானூற்றுக்கு வெளியே கைவழி எங்கெங்கே வருகிறது என்று செ. தேடித் தந்தால் உதவியாக இருக்கும்.

— பு.