5 டன் கிரேன் ரோப்: வெளியே சுத்தம், உள்ளே சந்தேகம்

வணக்கம். கிரேன் பராமரிப்பில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

கோவையில் ஃபேப்ரிகேஷன் ஷெட். 5 டன் ஈஓடி கிரேன் (மேலே தண்டவாளத்தில் ஓடும் மின்சார கிரேன்), நாலு ஃபால் (சுமையை நாலு வரிசை ரோப் தாங்கும்), 12 எம்எம் வயர் ரோப், 6×36 (ஆறு புரி, புரிக்கு 36 கம்பி வகை), ஃபைபர் கோர் (நடுவில் நார்), 2022இல் மாற்றியது. போன மாதத்திலிருந்து, ஈகுவலைசர் கப்பியில் (இரு பக்க ரோப்பின் இழுவையைச் சமன்செய்யும் கப்பி) உட்கார்ந்திருக்கும் இடத்தில் மட்டும் ரோப்பைக் கையால் வளைத்தால் புரிகளுக்கு நடுவிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் தூள் கொட்டுகிறது. அந்த இடம் கப்பியில் அதிகம் ஓடாது என்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை, எனக்கு அதுதான் பயம்.

டீசலில் துடைத்துப் பார்த்தாச்சு, வெளிக்கம்பி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை, பஞ்சுத் துணியை ஓட்டினாலும் எங்கும் சிக்கவில்லை. வெர்னியரில் அளந்தால் விட்டம் அங்கே 11.3 எம்எம், மற்ற இடங்களில் 11.9. ஃபைபர் கோருக்கு 10 சதவீதம் தேய்ந்தால்தான் கழிக்கணும், இது 6 சதவீதம்தான் என்று முதலாளி சொல்கிறார். கணக்கு சரிதான். ஆனால் ஒரே இடத்தில் இளைப்பதும் தூளும் சேர்ந்து வந்தால் அது உள்கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் துருப்பிடிப்பதன் அடையாளம் ஆச்சே. கொக்கியில் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டோம், விரிசல் இல்லை. 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ஃபேக்டரி சட்டப் பரிசோதனையிலும் பாஸ் ஆகியிருக்கு, ஆனால் அது தூள் வருவதற்கு முன்னாடி. கீழே ஆட்கள் நின்று வேலை செய்கிற இடம், அதனால் இப்போதைக்கு ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ரோப்பை வெட்டாமல், உள்கம்பி அறுந்திருப்பதை முதலாளிக்குக் கண்ணெதிரே காட்ட என்ன வழி?