நாலு இஞ்சி பைப்புக்குச் சுவரில் ஓட்டை: கோர் பிட் பிடித்தவர்கள் சொன்னவை

பரந்தனிலிருந்து, பைப் வேலை செய்பவர்:

பதினொரு வருசமாகக் கிளிநொச்சிப் பக்கம் பைப் வேலை செய்கிறேன். தொடக்கத்தில் சுவரில் பெரிய ஓட்டை என்றால் உளியும் சுத்தியலும்தான். நாலு இஞ்சி என்று சொல்கிற 110 மில்லிமீற்றர் பைப் போகிற இடத்தில் ஒரு அடிக்குச் சுவர் பெயர்ந்து விழும். மேசனைக் கூப்பிட்டு அடைத்துப் பூசினால் அடுத்த மாரிக்கு அந்த இடம் வெடித்து நிற்கும். டயமண்ட் கோர் பிட், அதாவது விளிம்பில் டயமண்ட் துண்டுகள் வைத்த, டின் போல உள்ளே வெறுமையான பிட், வாங்கின பிறகுதான் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடப் பழகினேன். ஆனால் எங்கட பக்கத்துச் சுவருக்கு முன்னால் பிட்டைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதாது. போன புரட்டாதியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

உருத்திரபுரம் பக்கம் ஒரு பழைய வீடு. ஒன்பது இஞ்சி செங்கல் சுவர், இரண்டு பக்கப் பூச்சும் சேர்த்துப் பத்து இஞ்சி. சண்டையில் கூரை போய்ச் சுவர் மட்டும் மிஞ்சின வீடு. சனம் திரும்பி வந்த பிறகு காயங்களை மூடிப் பூசி, புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு ஐயாவுக்கு ஒரு கால் இல்லை. இரவில் ஊன்றுகோலோடு முற்றத்தைத் தாண்டித்தான் மலசலகூடத்துக்குப் போவார். அறையோடு சேர்த்து உள்ளுக்கே ஒன்று கட்ட வேண்டும் என்று மகள் காசு சேர்த்துக்கொண்டிருந்தவ.

என்ர பிட் 127 மில்லிமீற்றர். உள்ளே போகக்கூடிய ஆழம் 150 மில்லிமீற்றர், அதாவது ஆறு இஞ்சி. பத்து இஞ்சிச் சுவரை ஒரு பக்கத்தால் மட்டும் வெட்ட ஏலாது. வெட்ட முடிந்தாலும் மற்றப் பக்கத்துப் பூச்சு தட்டுத் தட்டாகப் பெயரும். அதனால் முதலில் நீளமான சாதாரண பிட்டால் நடுவில் சின்னத் துளை ஒன்றை மறுபக்கம் வரை விட்டேன். மிசின் சுற்றிக்கொண்டே குத்துகிற ஹம்மரைப் போடுவது அதற்கு மட்டும்தான். பிறகு ஹம்மரை நிப்பாட்டி, குறைந்த வேகத்தில், கோர் பிட்டை உள்ளிருந்து பாதி, வெளியிலிருந்து பாதி என்று திட்டம். கோர் பிட்டின் நடுவில் பூட்டுகிற கம்பி அந்தச் சின்னத் துளைக்குள் போய்ப் பிட்டுக்கு வழி காட்டும். அரை இஞ்சிக்கு வட்டம் விழுந்ததும் அதைக் கழற்றிவிடுவேன், பிறகு பிட் தன் தடத்திலேயே போகும்.

மூன்று இஞ்சி நல்லாய்ப் போனது. செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று தூள் நின்றது, சத்தம் கிரீச்சென்று மாறியது. அந்த இடத்தில் பலம் கொடுத்து அழுத்துவதுதான் எல்லாரும் விடுகிற பிழை. நான் வெளியே எடுத்துவிட்டேன். வெட்டின வட்டத்தை உளியால் தட்டி உடைத்துப் பார்த்தால், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கட்டை விரல் அளவில் துருப்பிடித்த செல் (எறிகணை) துண்டு. ஐயா அதைக் கையில் வாங்கி, கனநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "அண்டைக்கு நாங்கள் இந்தச் சுவருக்குப் பின்னாலதான் தம்பி படுத்திருந்தனாங்கள்" என்றார்.

பிட்டைப் பார்த்தால் டயமண்ட் துண்டுகள் கண்ணாடிபோல மினுங்கின. இரும்பில் உரசி மழுங்கிவிட்டது. பழைய மணல்-சீமெந்துக் கல் ஒன்றை நிலத்தில் வைத்து அதில் நாலைந்து தரம் வெட்டினேன். மேல் உலோகம் தேய்ந்து புது டயமண்ட் மணிகள் வெளியே வந்ததும் திரும்ப வெட்டத் தொடங்கியது. பிட் மழுங்கினால் எறிந்துவிடாதேங்கோ, முதலில் இதைச் செய்து பாருங்கோ.

இப்ப பழைய சுவர் என்றால் வலுவான காந்தம் ஒன்றை மேலால் இழுத்துப் பார்க்கிறேன். பூச்சுக்குள் இருப்பதைப் பிடிக்கும். ஆழத்தில் இருப்பதைக் காட்டாது, அதற்குக் காதுதான் துணை. இன்னொன்று, பைப்புக்குக் கான் வெட்டும்போதோ குழி தோண்டும்போதோ செல்லோ குண்டோ முழு உருவில் ஏதும் தட்டுப்பட்டால் மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கோ. கை வைக்கவே கூடாது.

மாங்குளத்திலிருந்து ஒருவர்:

அண்ணை, ஹம்மரைப் பற்றிச் சொன்னீங்கள். நான் அதைப் படித்தது காசு கொடுத்து. வாடகை மிசினில் டயமண்ட் பிட்டைப் பூட்டி, கெதியாய் முடியட்டும் என்று ஹம்மரோடு விட்டேன். இரண்டு துண்டுகள் கழன்று பறந்துவிட்டன. ஹம்மரோடு வெட்ட வேறு பிட் இருக்கு, டங்ஸ்டன் பல் வைத்தது. அது கல்லுச் சுவருக்குச் சரி, கம்பியில் பட்டால் பல் போய்விடும்.

அடுத்த நாள் வேறு பிட்டோடு போனால், சரிவாகப் பிடித்ததில் பிட் இறுகி மிசின் என் கையைச் சுற்றி முறுக்கியது. பிட் இறுகினால் சுற்றை விடுவிக்கிற கிளச் இல்லாத மிசின். மணிக்கட்டு வீங்கி மூன்று கிழமை வேலை இல்லை. நாலு இஞ்சிக்கு மேலே வெட்டுகிறவர்கள் கிளச் உள்ள மிசின் இல்லாமல் தொடாதேங்கோ. பக்கப்பிடியை இரண்டாவது கையால் பிடியுங்கோ.

மல்லாவியிலிருந்து ஒரு அக்கா:

எங்கட வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டினது. 550,000 ரூபாய் தவணை தவணையாக வந்தது, நாங்களே நின்று கட்டினோம். கல்லு அந்த நேரம் கிடைத்ததுதான், சிலது நகத்தால் சுரண்டினாலே உதிரும். குசினிப் பைப்புக்கு ஒரு தம்பி வந்து ஓட்டை போட்டார், வட்டம் வடிவாய்த்தான் இருந்தது. ஆனால் ஓட்டை உள்பக்கம் சரிந்திருந்தது. கார்த்திகை மழை முழுக்கப் பைப்போடு சேர்ந்து குசினிக்குள் இறங்கியது. இதையும் எழுதுங்கோ.

பரந்தனிலிருந்து மறுபடியும்:

அக்கா சொன்னது முக்கியம். நடுத்துளை விடும்போதே வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக வரவேண்டும். அதே தடத்தில்தான் பெரிய பிட் போகும், பிறகு திருத்த ஏலாது. உதிர்கிற கல்லில் அழுத்தவே வேண்டாம், மிசினின் பாரமே காணும். கதவு, யன்னலுக்கு மேலே போகிற கொங்கிறீட் லிண்டலுக்குள் கம்பி இருக்கும், அதைவிட்டு நல்லாய்க் கீழே இறங்கிப் போடுங்கோ.

110 பைப்புக்கு 117 பிட் காணாதோ என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். சுற்றிவர மூன்றரை மில்லிமீற்றர்தான் மிஞ்சும் தம்பி. நேர்ச் சுவரென்றால் நுழையும், சரிவு கொடுக்கும்போது இறுகும். 127 எடுங்கோ, இடைவெளியைச் சீமெந்துச் சாந்தால் அடைக்கலாம். வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டினால் போதாது, தூசிக்கென்று விற்கிற முகக்கவசம் போடுங்கோ. உலர்வாக வெட்டும்போது வருகிற தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

ஐயாவின் வேலை ஐப்பசி மழைக்கு முன்னம் முடிந்தது. மற்றப் பாதியை வெளியிலிருந்து வெட்டினபோது வேறு இரும்பு ஒன்றும் வரவில்லை.