மறு: ‘ஃபாரின் ஃபங்க்‌ஷன் இன்டர்ஃபேஸ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

கோத்தகிரியிலிருந்து

கணினிக் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> அந்நியச் செயற்கூறு இடைமுகம் என்று போட்டுவிடலாமே. மூன்று சொல்லுக்கு மூன்று சொல் சரியாக இருக்கிறது.

சரியாக இருப்பதுதான் தொல்லை. இப்படி எதிரெதிரே சொல் வைத்துக்கொண்டு போனால் பட்டியல் நிரம்பும், பேச்சில் ஒன்றும் நிற்காது. சனிக்கிழமை வகுப்பில் இதைப் பலகையில் ஒரு தடவை எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே ‘எஃப்.எஃப்.ஐ.’ என்று பேச ஆரம்பித்துவிடுவோம். போதாக்குறைக்கு ‘அந்நிய’ என்றாலே செலாவணி என்றுதான் நாக்கு போகிறது.

இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போதே, வேறு மொழியில் எழுதித் தொகுத்து வைத்த நூலகத்தின் செயற்கூறுகளை அழைத்துப் பயன்படுத்துவதைப் பற்றித்தான் பேசுகிறோம். பைத்தானிலிருந்து சி, ஜாவாவிலிருந்து சி, ரஸ்டிலிருந்து சி என்று பெரும்பாலும் சி-யில்தான் போய் முடியும். இரண்டு மொழிகளுமே சி இல்லை என்றாலும், நடுவில் இரண்டும் சி-யின் வழக்கப்படிதான் பேசிக்கொள்கின்றன.

எதற்கு இந்தப் பாடு, அதே மொழியில் திரும்ப எழுதிக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தார் ஒருவர். லேபேக் என்ற நேரியல் கணித நூலகம் 1992-இல் ஃபோர்ட்ரானில் வந்தது. இன்றைக்கும் பைத்தானில் நம்பை என்ற கணித நூலகத்தை வைத்துச் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னால் வேலை அங்கேதான் போகிறது. இத்தனை வருடமாக ஆயிரம் பேர் அடித்துத் துவைத்த கணக்கை மறுபடி எழுதினால் புதுப் பிழைகள்தான் மிஞ்சும். ஃபோர்ட்ரான் செத்துவிட்டது என்பவர்கள் ஊட்டிக்கு வந்து காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 காரர்களிடம் கேட்கலாம். காஸ்மிக் கதிர் ஒன்று வளிமண்டலத்தில் மோதித் துகள் மழையாக விரிவதைக் கணக்கிட அவர்கள் பயன்படுத்தும் கார்சிகா நிரல் ஃபோர்ட்ரானில்தான் இருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். சொல் தேடுவதற்கு முன் அந்த எல்லையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் நாம் பெயர் வைப்பது ஆங்கிலத் தொடருக்குத்தான், விஷயத்துக்கு இல்லை.

எங்கள் பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் இடம் ஒன்றுக்குச் சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். மின்னணுத் தராசு எடையைச் சொல்ல வேண்டும், என் பைத்தான் நிரல் சாக்கு எடையைக் கழித்துவிட்டுக் கணக்கில் ஏற்ற வேண்டும். தராசு விற்றவர்கள் கொடுத்தது சி-யில் எழுதித் தொகுத்த ஒரு நூலகக் கோப்பும் அரைப் பக்கக் குறிப்பும். செயற்கூறுகளின் பெயர்கள் இருந்தன. எது எந்த வகை மதிப்பைத் திருப்பும் என்று அந்த அரைப் பக்கத்தில் எழுதவில்லை. அயல் நூலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் என்ற பைத்தான் கருவி வழியாக அழைத்தால் தராசின் முகப்பில் 23.5, என் திரையில் ஏதோ ஒரு நீளமான முழு எண். மறுபடி அழைத்தால் வேறொரு எண்.

காரணம் சுவையானது. சிடைப்ஸ் பைத்தானோடு 2006-இலிருந்து, அதாவது 2.5 பதிப்பிலிருந்து, கூடவே வருகிறது. நாம் சொல்லாவிட்டால், அழைக்கும் செயற்கூறு முழு எண்ணைத்தான் திருப்பும் என்று அது எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தச் செயற்கூறு திருப்பியது ‘டபுள்’ வகைப் பதின்ம எண். 64 பிட் லினக்ஸில் முழு எண் விடை செயலியின் ஒரு பதிவகத்தில் (ரெஜிஸ்டர்) வரும், பதின்ம எண் விடை வேறொரு பதிவகத்தில் வரும். தராசின் நூலகம் விடையைச் சரியாகத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பைத்தான் பக்கம் வேறு பதிவகத்தைத் திறந்து, அங்கே ஏற்கெனவே கிடந்த எதையோ எடுத்து வந்து நீட்டுகிறது. பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. திருப்பும் வகை டபுள் என்று ஒரு வரி சேர்த்ததும் 23.5 வந்துவிட்டது.

எந்த மதிப்பு எந்தப் பதிவகத்தில் போக வேண்டும், எதில் திரும்ப வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டுக்கு முன்பே இங்கே ‘அழைப்பு மரபு’ என்று பேசி முடித்தோம். நல்ல சொல், அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது சரம், அதாவது எழுத்துத் தொடர். அதே நூலகத்தில் ரசீது அடிக்கும் செயற்கூறும் உண்டு. ஊர்ப் பெயருக்கு 20 பைட் இடம். ‘கோத்தகிரி’ என்பதை நாம் ஐந்து எழுத்தாக எண்ணுவோம். பைத்தான் ஒன்பது என்று எண்ணும், ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் சி-க்கு அது 27. அப்புறம் என்ன, ரசீதில் ‘கோத்தக’ என்று அச்சாகி அதற்குமேல் ஒரு கட்டம் விழுந்தது. எல்லையைத் தாண்டும்போது மதிப்பை எப்படி மாற்றிக் கொடுப்பது என்பதில்தான் பாதி உயிர் போகிறது. ‘இடைமுகம்’ என்ற சொல் இதையெல்லாம் மழுப்பிவிடுகிறது என்பது என் குறை.

இதிலிருந்து எனக்குத் தெரிவது, நாம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பொருளைப் பிடிக்கப் பார்க்கிறோம். ஒன்று, மொழியில் இருக்கும் வசதி: ‘வெளியிலிருந்து செயற்கூறை அழைக்க என்னால் முடியும்’ என்பது. சிடைப்ஸ் அந்த வகை. மற்றொன்று, ஒரு குறிப்பிட்ட நூலகத்துக்காக அந்த வசதியை வைத்து ஒருவர் உட்கார்ந்து எழுதும் அடுக்கு. தராசு நூலகத்துக்கு நான் எழுதியது அது. முதலாவது மொழிக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். இரண்டாவது நூலகத்துக்கு நூலகம் வேறு. ஆங்கிலத்தில் எழுதுபவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டாம்.

முதலாவதுக்கு ‘அயலழைப்பு’ என்கிறேன். அயல் வீடு, அயலார் என்று நமக்குப் பழகிய சொல். பகை இல்லை, ஆனால் நம்முடையதும் இல்லை. ‘சி நூலகத்தை அயலழைப்பில் எடு’ என்று வகுப்பில் தடங்கல் இல்லாமல் சொல்ல வருகிறது. இரண்டாவதுக்கு ‘பிணைப்பு’. ‘அந்தத் தராசு நூலகத்துக்குப் பைத்தான் பிணைப்பு இருக்கிறதா?’ வேதியியல் பாடத்தில் சகப்பிணைப்பு, அயனிப்பிணைப்பு என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல், துறை வேறு என்பதால் மோதாது.

‘பாலம்’ என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். அழகான சொல்தான், ஆனால் தவறாக வழிகாட்டும். பாலம் என்றால் இரண்டு நிரல்கள் தனித்தனியே ஓடிக்கொண்டு செய்தி பரிமாறுவதாகத் தோன்றும். இங்கே ஓடுவது ஒரே செயலாக்கம், இருப்பது ஒரே நினைவகம். சி பக்கம் தப்பான முகவரியைத் தொட்டால் பைத்தானும் சேர்ந்து விழும். பிழையைப் பிடிக்கப் பைத்தானில் ட்ரை-எக்செப்ட் போட்டு வைத்தாலும் பிடிபடாது.

கருத்துகளைச் சொல்லுங்கள்.

———

ஊட்டியிலிருந்து

தம்பிக்கு,

நிரல் எழுதத் தெரியாதவன் நான், சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளியிலிருந்து வருவதற்குப் பெயர் வைப்பது தமிழுக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் செய்யுளில் வரும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. வேறு நிலத்திலிருந்து வந்து நம்மிடம் புழங்குவது திசைச்சொல். இவ்வளவு பொருத்தமாக ஒன்று கையில் இருக்கும்போது அயலுக்கு ஏன் போக வேண்டும்? ‘திசைச்செயற்கூறு’ என்று வையுங்கள். அதை அழைப்பது ‘திசையழைப்பு’.

பிணைப்பும் எனக்கு ஒப்பவில்லை. பிணை, பிணைக்கைதி என்று நீதிமன்ற வாடை அடிக்கிறது. ‘ஒட்டு’ என்று சொல்லிப் பாருங்களேன். பேரிச்செடியில் ஒட்டுக் கட்டுகிறோமே, அடிச்செடி தன் வேரோடு இருக்கிறது, மேலே கட்டியது தன் காயைக் காய்க்கிறது, கட்டிய இடம் மட்டும் இரண்டுக்கும் பொது. முன்னொட்டு, பின்னொட்டு என்று இலக்கணத்திலும் உண்டு. மூன்றெழுத்தில் வேலை முடிகிறது.

———

குன்னூரிலிருந்து

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் வணக்கம்.

ஒட்டு வேண்டாம் ஐயா. ஒட்டுப் போடுவது என்றால் எங்கள் வேலையில் பிழை திருத்தும் பேட்ச். தேடுபொறியில் ஒகரம் நீண்டு ‘ஓட்டு’ ஆகிவிட்டால் தேர்தல் செய்தியாக வந்து கொட்டும். பேரிச்செடி நன்றாக இருக்கிறது, அதைப் பாடத்தில் விளக்கத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

திசைச்செயற்கூறு மனதுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் என் வகுப்பில் விளையாட்டு நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு வெக்டர் என்றால் திசையன். திசைச்செயற்கூறு என்றதும் அம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, விளக்கிவிடலாம். எனக்குப் பெரிய தடை வேறு. திசைச்சொல் நம்மிடம் வந்தபின் நம் விதிக்கு அடங்குகிறது. ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபு ஏற்கிறது, கொஞ்ச நாளில் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகிறது. சி செயற்கூறு அப்படி அடங்குவதே இல்லை. எத்தனை வருடம் அழைத்தாலும் பைத்தானின் விதி அதற்குள் செல்லாது. கடைசிவரை அயலாகவே நிற்கும்.

ஜாவாக்காரி என்பதால் இன்னொன்றும் தோன்றுகிறது. ஜாவாவில் அயலழைப்புக்கு ஜேஎன்ஐ 1997-இலிருந்து இருக்கிறது. அதற்குப் பதிலாகப் புதிதாக வந்த ‘ஃபாரின் ஃபங்க்‌ஷன் அண்ட் மெமரி ஏபிஐ’ 2024 மார்ச்சில், ஜாவா 22-இல் நிலையானது. அதன் பெயரிலேயே செயற்கூறோடு நினைவகமும் சேர்ந்து நிற்கிறது. காரணம் உண்டு. சி பக்கம் ஒதுக்கிய நினைவகத்தை பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் ஜாவாவின் குப்பை சேகரிப்பான் கண்டுகொள்ளாது. யார் ஒதுக்கினார்கள், யார் விடுவிக்க வேண்டும், விடுவித்த பிறகு யாராவது தொடுகிறார்களா என்று நாம்தான் பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எங்களை எழுப்பும் பிழைகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஆக, நமக்கு வேண்டிய அடைமொழி செயற்கூறுக்கு முன்னாலும் நிற்க வேண்டும், நினைவகத்துக்கு முன்னாலும் நிற்க வேண்டும். ‘திசை நினைவகம்’ நிற்கவில்லை. ‘அயல் நினைவகம்’ என்றால் கேட்ட உடனே தெரிகிறது, இது நம் பொறுப்பில் தானாகக் கழியாது என்று.

அண்ணா, ‘உறை’யை மறந்துவிட்டீர்கள். பிணைப்பு எழுதியபின், அதன்மேல் பைத்தான்காரர்களுக்குப் பழகிய மாதிரி இன்னோர் அடுக்கு போடுகிறோம் இல்லையா? முகவரியும் நீளமும் தனித்தனியாகக் கேட்பதை மறைத்து, ஒரு பட்டியலை வாங்கிக்கொள்வது, பிழை எண்ணை விதிவிலக்காக (எக்செப்ஷன்) மாற்றித் தருவது எல்லாம் அங்கேதான். அதற்கு ‘உறை’ போதும்.

———

கோத்தகிரியிலிருந்து

நினைவகத்தைப் பற்றிச் சொன்னது எனக்கு முழுதாக ஒத்துப்போகிறது. நான் இரண்டு சொல்லுக்கு யோசித்தேன், நீ அழைப்பு, செயற்கூறு, நினைவகம் என்று மூன்றுக்கு வேலை செய்யும் அடைமொழியைப் பிடித்துவிட்டாய். உறையையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் பிணைப்புக்கும் உறைக்கும் நடுவே கோடு எப்போதும் அவ்வளவு தெளிவாக இருக்காது. நம்பையோடு வரும் எஃப்2பை என்ற கருவி, ஃபோர்ட்ரான் மூலநிரலைப் படித்துப் பிணைப்பைத் தானே உருவாக்கிவிடும். அணியை (மேட்ரிக்ஸ்) ஃபோர்ட்ரான் நெடுவரிசை வாரியாக அடுக்கும், நம்பை வழக்கமாகக் கிடைவரிசை வாரியாக அடுக்கும். தேவைப்பட்டால் படி எடுத்து மாற்றிக் கொடுப்பதும் அதே கருவிதான். அது பிணைப்பா, உறையா? நான் பிணைப்பு என்றுதான் எழுதுவேன், சண்டை போட மாட்டேன்.

ஐயா, புணர்ச்சி விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும். அயல் + செயற்கூறு ‘அயற்செயற்கூறு’ என்றுதான் வர வேண்டும், வாயில் சிக்குகிறது.

———

ஊட்டியிலிருந்து

திசைச்சொல் உருபு ஏற்று நம்முடையதாகிவிடுகிறது என்று குன்னூர் மகள் சொன்னதோடு நான் இறங்கி வந்துவிட்டேன். அப்படியானால் அந்தப் பெயர் இதற்கு ஆகாது.

அயலழைப்பு புணர்ச்சியில் சுத்தம். செயற்கூறைச் சேர்க்காதே, ‘அயற்கூறு’ என்றாலே போதும். விதிப்படி பார்த்தால் அயல் + நினைவகம் ‘அயனினைவகம்’ ஆகும். அப்படி எழுதினால் நிரலர் யாரும் வாசிக்க மாட்டார். அயல்நாடு என்று ஊரே எழுதுகிறது, அயனாடு என்று யாரும் எழுதுவதில்லை. ‘அயல்நினைவகம்’ என்றே சேர்த்து எழுதுங்கள், இலக்கணம் கேட்பவரை என்னிடம் அனுப்புங்கள்.

———

கோத்தகிரியிலிருந்து

நன்றி ஐயா. அயலழைப்பு, அயற்கூறு, அயல்நினைவகம், பிணைப்பு, உறை, முன்பே முடிவான அழைப்பு மரபு ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். ‘இடைமுகம்’ இந்தப் பதிவுகள் எதிலும் இல்லை. ‘கால்பேக்’ பாக்கி இருக்கிறது. நாம் கொடுத்த செயற்கூறைச் சி பக்கம் திரும்ப அழைப்பது அது. ‘மறுவழைப்பு’ என்று எழுதியிருப்பவர்கள் அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதற்குள் போட்டுக் குழப்ப வேண்டாம்.