டிரேட்டன் ஹால்: 1738-ஆ, 1750-ஆ? இடுக்குகளுக்கு என்ன கலவை?

மாடிப்படி:
தெற்கு கரோலினாவில், சார்லஸ்டன் பக்கம் ஆஷ்லி ஆற்றங்கரையில் இருக்கும் டிரேட்டன் ஹால் தோட்ட மாளிகைக்குச் சில இடங்களில் 1738 என்றும், சில இடங்களில் 1750-களின் தொடக்கம் என்றும் போடுகிறார்கள். எது சரி? சமையற்கட்டு, வண்ணான் கொட்டில் எதுவும் படங்களில் இல்லையே? இன்னொன்று: இந்த வயதுச் செங்கல் சுவரில் கற்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகளின் கலவை உதிர்ந்தால் சிமென்ட் வைத்து அடைக்கலாமா?

உத்திரம்:
1738 என்பது ஜான் டிரேட்டன் நிலம் வாங்கிய ஆண்டு. அதையே வீட்டின் வயதாகப் போட்டுவிடுகிறார்கள். பரண் உத்திரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில், மரம் வெட்டியது 1747-48 குளிர்காலம் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே ஏற்றுவார்கள். ஆகவே கூரை 1748-க்கு முன் இல்லை. உள்வேலை முடிந்தது 1750-களின் தொடக்கத்தில்.

நடுவில் மாளிகை, இரு பக்கமும் துணைக் கட்டடம் என்பது இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் பாணி. வண்ணான் கொட்டில் 1886 நிலநடுக்கத்தோடு போனது, சமையற்கட்டு 1893 புயலில். இன்று நிற்பது நடுத்துண்டு மட்டும். சாலைப் பக்கத்து இரண்டடுக்குத் தூண் முகப்பைக் கவனியுங்கள்: பாதி வெளியே நீண்டும் பாதி சுவருக்குள் உள்வாங்கியும் இருக்கும். ஆற்றுப் பக்கம் அது கிடையாது.

கரணை:
சிமென்ட் வேண்டவே வேண்டாம். போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல். இந்தச் சுவரில் அது தென்பட்டால் பிற்காலத்து ஒட்டு. அந்தக் கரையில் சிப்பி ஓட்டைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். நம்மூர்க் கிளிஞ்சல் சுண்ணாம்புதான், கடல் வேறு. பழைய செங்கல் மென்மையானது. இடுக்கு அதைவிடக் கெட்டியானால் ஈரம் கல் வழியாகவே வெளியேறும். கூடவே வரும் உப்பு கல்லுக்குள் படிகமாகி முகத்தைப் பொரித்துத் தள்ளும். இடுக்கு அப்படியே நிற்கும், கல் குழிந்துபோகும்.

வேலை இப்படி: கை உளியால் மட்டும் சுரண்டுங்கள், கிரைண்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம் இடுக்கு அகலத்தைப் போல் இரண்டரை மடங்கு, 10 மி.மீ. இடுக்கென்றால் 25 மி.மீ. தூசியைக் கழுவி, கல் தண்ணீர் குடித்து மேற்பரப்பு வறண்டதும் ஊறவைத்த சுண்ணாம்பு 1, மணல் 3 எனக் கலந்து அழுத்துங்கள். ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். 6 மி.மீ. அடுக்காக வையுங்கள், கட்டைவிரல் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதம் வந்ததும் அடுத்தது. பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்க வேண்டும். வெயிலில் காய்ந்தால் மாவாக உதிரும்.

மணல் நிறம் பார்க்கப் பழைய கலவையை நீர்த்த அமிலத்தில் கரைப்பது வழக்கம். சிப்பித் துணுக்கும் அதில் கரைந்துவிடும், ஆகவே முதலில் லென்ஸில் பாருங்கள்.

வரிசைக்கல்:
சுரண்டுமுன் சுவரைப் படியுங்கள். பிளெமிஷ் கட்டில் ஒவ்வொரு வரியிலும் நெடுங்கல்லும் (நீளப் பக்கம் தெரிவது) தலைக்கல்லும் (குறுகிய முனை தெரிவது) மாறி மாறி வரும். சுவர் நடுவே அந்த ஒழுங்கு உடைந்து நேர்க்கோடாக ஒரு இடுக்கு இறங்கினால், அங்கே அடைத்த வாசலோ சன்னலோ இருக்கும்.

இன்னொன்று, "டிரேட்டன் கட்டினார்" என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. உழைப்பின் பெரும்பங்கு அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையது. அந்த வட்டாரத்துப் பழைய செங்கற்களில் அச்சிலிருந்து எடுத்தபோது பதிந்த விரல்தடங்கள் இன்னும் தெரியும். அப்படிப்பட்ட கல்லின் மேல் கலவை வழியவிடாதீர்கள்.

1974-இல் குடும்பத்திடமிருந்து வாங்கிய நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன் என்ற அமெரிக்கப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு வீட்டைப் புதுக்காமல் இருந்தபடியே காக்கிறது. அதனால்தான் அறைகள் தளவாடமில்லாமல் வெறுமையாக இருக்கின்றன.

மாடிப்படி:
சீக்கிரம் இறுக, சுண்ணாம்போடு கொஞ்சமாகச் சிமென்ட் சேர்த்தால்?

கரணை:
அது இன்னும் மோசம். கொஞ்சச் சிமென்ட் சரியாகப் பிணைக்காது. இறுகும்போது பிரிந்து சுண்ணாம்பின் துளைகளை அடைக்கும், கலவை பலவீனமாகும். அவசரமென்றால் நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு, என்.ஹெச்.எல். 2 வாங்குங்கள் (எண் அதன் வலிமைத் தரம்). 5 வேண்டாம், இந்தக் கல்லுக்குக் கடினம்.