கொலென்சோ சாலையோரப் பலகையில் விடுபட்ட சுமைதூக்கிகள்

கேள்வி (பீனிக்ஸ், டர்பன்)

வணக்கம். லேடிஸ்மித் செல்லும் வழியில் கொலென்சோ அருகே நின்ற ஒரு நினைவுப் பலகையைப் படித்தேன். தென்னாப்பிரிக்கப் போயர் போரில், 1899 டிசம்பர் 15 அன்று ஜெனரல் புல்லரின் பிரிட்டிஷ் படை துகேலா ஆற்றைக் கடக்க முயன்று, லூயிஸ் போத்தா தலைமையிலான போயர்களிடம் (டச்சு வழிவந்த குடியேறிகள்) தோற்றுப் பத்துப் பீரங்கிகளை இழந்ததை அது கூறுகிறது. காயமுற்றோரைச் சுமந்த இந்தியர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர்களில் தமிழர் இருந்தனரா, எவ்வாறு அங்கு வந்தனர் என்பதை அறிந்த பெரியோர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (லேடிஸ்மித்)

அன்று பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த நேட்டாலில் காந்தியின் முயற்சியால் உருவான நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தனர். ஏறத்தாழ 300 பேர் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர இந்தியர். மற்றவர்கள் தோட்ட முதலாளிகள் அனுப்பிய ஒப்பந்தத் தொழிலாளர். நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்பதால், அந்தத் தூக்குப்படுக்கைகளைத் தோளில் தாங்கியவர்களுள் நம்மவர் மிகுதியாக இருந்திருப்பர் என்று கொள்வது பொருந்தும்.

கொலென்சோவுக்குப் பின் கலைக்கப்பட்ட படை 1900 ஜனவரியில் மீண்டும் திரட்டப்பட்டது. குண்டு விழும் எல்லைக்குள் செல்ல வேண்டியதில்லை என்பதே முதலில் வகுக்கப்பட்ட ஏற்பாடு. ஆனால் ஸ்பியன் கோப் குன்றில் பிரிட்டிஷார் பேரிழப்புக்கு ஆளானபோது, அந்த எல்லையைக் கடந்து வருமாறு கேட்கப்பட்டு, அவர்களும் இசைந்து சென்றனர். காயமுற்றோரைச் சுமந்தபடி ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்த நாள்களும் உண்டு. போர்க் களத்தைப் பற்றிய எந்தப் பலகையிலும் இந்த நடைக்கு இடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஐயா கூறியதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கியோர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி செலுத்த வேண்டும் என்ற சட்டம் 1895இலேயே வந்துவிட்டது. போயர்களிடம் தனக்கு அனுதாபம் இருந்தபோதிலும், குடிமக்களுக்குரிய உரிமைகளைக் கோருவோர் குடிமக்களின் கடமையையும் ஏற்க வேண்டும் என்று காந்தி கருதினார். கடமை செய்து முடித்த பின்னும் அந்த வரி 1914 வரை நீங்கவில்லை. அது நீங்குவதற்கு 1913இல் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் படையின் தலைவர்கள் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. தோட்டங்களிலிருந்து வந்த தொழிலாளருக்கு அதில் பங்கில்லை. எனவே பலகையில் புதிய வாசகம் எழுதப்படுமானால் அது காந்தியின் பெயரோடு நின்றுவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்தத் தொழிலாளரின் பெயர்களைத் தேட வழியுண்டா?

மறுமொழி (சாட்ஸ்வொர்த்)

உண்டு, தங்கையே. நேட்டாலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டு, பெயர், தந்தை பெயர், ஊர், வயது, பணிக்கு அனுப்பப்பட்ட இடம் ஆகியவை கப்பல் பதிவேடுகளில் எழுதப்பட்டன. எந்தத் தோட்டங்கள் ஆள்களை அனுப்பின என்பது தெரிந்தால், அந்த முதலாளியின் பெயரை வைத்துப் பதிவேட்டைப் பார்த்து, 1899இல் ஒப்பந்தத்தில் இருந்தோரைப் பிரித்தெடுக்கலாம்; அதில் கிடைப்பது சாத்தியமானவர்களின் பட்டியலே தவிர முடிந்த சான்று அல்ல. பலகையைப் பொறுத்தவரை, ஆப்பிரிக்க வண்டியோட்டிகளும் வேலையாட்களும் அதே போரில் உழைத்ததால், இந்தியருக்கு மட்டும் வாசகம் கேட்காமல் இரு தரப்பாரையும் சேர்த்தே மாகாண மரபுரிமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தின் வரைவை இங்கே இட்டால் நாங்களும் கையெழுத்திடுவோம்.