மூளையின் குருத்தணுக்களும் அல்சைமர் புரதங்களும்

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): சாவியை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு வீடெங்கும் தேடும் என் பெரியம்மாவுக்கு அல்சைமர் என்கிறார் மருத்துவர். இந்நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை உண்டாக்கும் நொதியையே தடுத்துவிட்டால் நோய் நிற்காதா, ஐயா?

பதில் (பீனிக்ஸ், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்): அந்த காமா-செக்ரிடேஸ் நொதி, அமிலாய்டின் முன்னோடிப் புரதத்தை மட்டுமன்றி, புதிய நரம்பணுக்களைத் தரும் நரம்புக் குருத்தணுக்கள் தீர்ந்துபோகாமல் காக்கும் நாட்ச் புரதத்தையும் வெட்டுவதால், அதைத் தடுக்கும் மருந்து இரண்டையும் சேர்த்தே முடக்கிவிடும், அம்மா. இந்நொதியைத் தடுக்கும் செமகாசெஸ்டாட் மருந்தின் சோதனை 2010இல் நிறுத்தப்பட்டது. நோயாளிகளின் அறிவாற்றல் மேலும் குன்றியது, தோல் புற்றுநோயும் கூடியது.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): முதியோரின் மூளையில் நினைவுக்குரிய பகுதியான ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றனவா என்பதிலேயே 2018இல் வெளிவந்த இரு ஆய்வுகள் முரண்பட்டன. ஆகவே, குருத்தணு ஊசி போடுகிறோம் என்று பணம் கேட்பவர்களை வாசற்படியிலேயே நிறுத்திவிடுங்கள்.

கேட்டவர்: அப்படியொரு விளம்பரம் ஏற்கெனவே வந்தது, அழித்துவிட்டேன்.